ஓரக் குறிப்பு

பங்குக் கோவிலின் பழைய பதிவேடுகளை ஒழுங்குபடுத்தச் சொல்லி மறைமாவட்டத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. கொட்டாஞ்சேனையில் தனியாக வாழும் கிறிசோஸ்தம், துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர், அந்த வேலையை ஏற்றுக்கொண்டார்.

ஒருவருக்குக் கலியாணம் நடந்தால், அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் அதைக் குறிப்பது கோவில் வழக்கம். கிறிசோஸ்தம் கலியாணம் கட்டவில்லை. ஆனால் அவருடைய பதிவின் ஓரத்தில், ‘1984 மே 12, எமல்டாவுடன் திருமணம்’ என்றிருந்தது.

திருமணப் பதிவேட்டிலும் அதே திகதி. கீழே, துறைமுகத்தில் முப்பது வருடம் அவர் போட்ட அதே கையெழுத்து.

“பிழையெண்டா வெட்டிருவம், அங்கிள்” என்றார் பங்குத்தந்தை.

“வேணாம் ஃபாதர், இருக்கட்டும்.”

புதிய அட்டவணையில் இரண்டு பெயர்களையும் சேர்த்தே எழுதினார்.

மாலையில் வீட்டுக்கு வந்தவர் சாவியை வெளியே எடுக்கவில்லை. கதவைத் தட்டிவிட்டு, சேர்ட் கொலரைச் சரிசெய்துகொண்டு காத்து நின்றார்.