ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவில்

"ஏறிட்டா! மெரே ஏறிட்டா!"

படகுத்துறைக் கைப்பிடிக் கம்பி மேல, விளக்குக் கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு என் தங்கச்சி நின்னா. தண்ணி மூணு ஆள் உயரம் கீழே கிடந்தது.

ஆக்லாந்துல கோடை வந்தா எங்களுக்கு 'மானு' குதிதான். உடம்பை நடுவுல மடிச்சு, பின்பக்கம் முதல்ல படுற மாதிரி குதிக்கணும். யார் குதிச்சா தண்ணி உசரமா எழும்புதோ அவங்கதான் ஜெயிச்சவங்க.

மடிக்கத் தவறினா? போன வருஷம் எங்க கூட்டாளி டேன், முதுகு தட்டையாப் பட விழுந்தான். ஆறு வாரம் படுக்கை. அவனைத் தூக்கிட்டுப் போனப்போ மெரே பக்கத்துலதான் நின்னா.

"என் தங்கச்சிக்கு இதெல்லாம் ஜுஜுபி!" நான் கத்தினேன். "ஸ்கூல் பீப் டெஸ்ட் ஓட்டத்துல பையன்களையே ஓட விட்டவ. ஒரு குதி குதிக்க மாட்டாளா?"

"ஓடுற காலு வேற, மடங்குற இடுப்பு வேற"ன்னா லோசா.

லோசா டோங்காக்காரப் பொண்ணு. மெரே மாதிரி ரெண்டு பேரைச் சேர்த்துக் கட்டின உடம்பு. ஓட்டத்துல எப்பவும் கடைசி. மானுல மூணு வருஷமா அவதான் முதல்.

"வயித்தெரிச்சலா?"ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க.

எங்க துறைக்கு ரெண்டே சட்டம். கம்பி ஏறினவங்க தண்ணி வழியாத்தான் இறங்கணும். கம்பியில நிக்கிறவங்களை யாரும் தொடக் கூடாது, தொட்டா அந்த வருஷப் போட்டி கிடையாது.

"மெரே! மெரே!"

"சீக்கிரம்டி, சிப்ஸ் ஆறுது!"

நான் கையைத் தூக்கினேன். "ஒண்ணு!"

மெரேயோட முழங்கால் ரெண்டும் வெடவெடன்னு ஆடிச்சு. காத்து குளிருதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பொய். அது பயம்னு எனக்கே தெரிஞ்சது. ஆனா இத்தனை பேர் முன்னாடி வாயைத் திறந்துட்டு எப்படி நிறுத்துறது?

"ரெண்டு!"

கூட்டத்தை இடிச்சுத் தள்ளிக்கிட்டு வந்தா லோசா. விறுவிறுன்னு கம்பி மேல ஏறி மெரே பக்கத்துல நின்னு, காதுல என்னமோ சொன்னா. அடுத்த நொடி அவளை இடுப்போட வளைச்சுப் பிடிச்சு, பின்னால துறைப் பலகையில இறக்கிட்டா.

"போடி, ஓட்டக்காரி! இது என் இடம். அங்க ஜெயிச்ச திமிரை இங்க கொண்டு வராதே!"

"ஊஊ!"ன்னு கூட்டம் கத்திச்சு.

"பொறாமை பிடிச்சவ!"

"தோத்துடுவோம்னு பயம்!"

யாரோ ஒரு பிடி சிப்ஸை அவ மேல வீசினாங்க.

எனக்கு வெறி ஏறிடுச்சு. "தொட்டுட்டே இல்ல? சனிக்கிழமை மானு போட்டியில நீ கிடையாது. வீட்டுல உக்காந்து உங்க ஊர் சேப்பங்கிழங்கு தின்னு!"

"சரி, தின்னுக்கறேன்." தலைமுடியில ஒட்டின சிப்ஸைத் தட்டிவிட்டுட்டு, சட்டப்படி தண்ணியில குதிச்சா. கரையேறி, துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டா.

வீட்டுக்குத் திரும்புற வழியில மெரே எனக்குப் பின்னாலயே நடந்து வந்தா.

"நாளைக்கு மறுபடி ஏறுடி. அவளைக் கிட்டவே அண்ட விட மாட்டேன்"னேன்.

அவ நடைபாதையிலேயே உக்காந்துட்டா. முழங்காலை ரெண்டு கையாலயும் கட்டிக்கிட்டா.

"வேணாம்ண்ணா."

"ஏன், அந்தக் குண்டச்சிக்குப் பயந்தா?"

"அவளைத் திட்டாதே. காதுல 'பயமா இருக்கா?'ன்னுதான் கேட்டா. தலையாட்டினேன். 'யார்கிட்டயும் சொல்லாதே, திட்டு எனக்கு வரட்டும்'னு சொல்லிட்டுத்தான் இறக்கிவிட்டா."

சனிக்கிழமைக்காக லோசா வருஷம் பூரா காத்திருப்பான்னு எனக்குத் தெரியும்.

"பைத்தியமே, என்கிட்ட சொல்லியிருக்கலாமேடி? நான் உன் கூடப் பிறந்தவன் இல்லையா?"

மெரே நிமிர்ந்து பார்த்தா.

"எப்படிண்ணா சொல்றது? எண்ணிக்கிட்டு இருந்ததே நீதானே?"