ஒவ்வாமை: இல்லை

ஓர் ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்துக்குப் பின்னால் இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்று ‘இல்லை’, மற்றது ‘தெரியாது’. நோயாளியின் விவரம் வராமல் எந்தக் கட்டமாவது காலியாக இருந்தால், அதில் போய் உட்காருவது ‘இல்லை’யின் வேலை. ‘தெரியாது’க்கு வேலை கிடையாது. அதைப் போட்டால் ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பெயர் என்று, பக்கத்தைச் செய்தவர் ஒதுக்கி வைத்துவிட்டார்.

ஒரு நாள் மரியபுஷ்பம் என்ற பெண்ணை நினைவில்லாமல் கொண்டுவந்தார்கள். அவளுடைய விவரப் பக்கத்தில் ‘மருந்து ஒவ்வாமை’ என்ற கட்டம் காலியாக வந்தது. ‘இல்லை’ எழுந்தது.

“அண்ணே, அங்கே மட்டும் போகாதீங்க. அந்தம்மாவுக்கு எது ஒத்துக்காதுன்னு நமக்குத் தகவலே வரலை” என்றது ‘தெரியாது’.

“நானும் அதைத்தானே சொல்றேன். தகவல் இல்லை.”

“படிக்கிறவங்க ஒவ்வாமையே இல்லைன்னு எடுத்துக்குவாங்க.”

“வேலை இல்லாதவனுக்கு வாய் ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டு, ‘இல்லை’ கட்டத்தில் உட்கார்ந்தது.

டாக்டர் ஊசி எழுதும் முன் கேட்டார். “சிஸ்டர், அலர்ஜி ஏதாவது இருக்கா?”

நர்ஸ் திரையைப் பார்த்தாள். “இல்லைன்னு போட்டிருக்கு டாக்டர்.”

ஊசி போட்டார்கள். மரியபுஷ்பத்தின் முகம் வீங்கி மூச்சு அடைத்தது. எவ்வளவோ பார்த்தும் அவள் பிழைக்கவில்லை.

சாயங்காலம் அவளுடைய விவரப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் திறந்தது. ‘இறப்புக்குக் காரணம்’ என்று இருந்தது. யாரும் அதை நிரப்பவில்லை.

“இதுக்கு நீ வேணும்னா போயேன்” என்றது ‘இல்லை’, மெதுவாக.

“நான் எப்படிப் போறது அண்ணே? காரணம்தான் நமக்குத் தெரியுமே.”

‘இல்லை’ எழுந்து போய் உட்கார்ந்தது.