கையை எடுத்தால் நிற்கும்

"ஓடுற மெஷினுக்குள்ள ஒரு மனிசன் கையை விடுவானோ?"

தேநீரை நீட்டியபடி ஜெயந்தி கேட்டாள். கேட்டது நோயாளி பார்க்க வந்திருந்த கிஷோபனையும் அவன் மனைவி கோசலாவையும்தான். ஆனால் ஏச்சு போய் விழுந்தது கட்டிலில் இருந்த அவளுடைய கணவன் தவராஜா மீது.

தவராஜா கட்டுப்போட்ட வலது கையைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டார். கட்டுக்குள்ளே இனி இரண்டு விரல்கள்தான். மற்ற மூன்றையும் சினோ தள்ளுகிற, அதுதான் உறைபனி தள்ளுகிற, மெஷின் எடுத்துவிட்டது.

பாடன் நகரில் அவர்கள் இருக்கிற அடுக்குமாடிக்கு அவர்தான் பராமரிப்பாளர், இங்கத்தைய பேச்சில் ஹவுஸ்வார்ட். சனம் வேலைக்கு இறங்குமுன் பாதையில் சினோ இருக்கக் கூடாது. ஜெயந்தியும் கூடமாட நின்று செய்வாள். இப்போது அவருக்குப் பதிலாகக் கிஷோபன் வந்து தள்ளுகிறான்.

கோசலாவுக்கு வந்த நேரம் தொட்டு எரிச்சல். கை போன மனிதனை இப்படி வறுத்தெடுக்கிற பெண்சாதியை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். ஆஸ்பத்திரியிலும் இதே கதைதானாம். நேர்ஸ் என்றும் இல்லை, பார்க்க வந்த ஆட்கள் என்றும் இல்லை, எல்லார் முன்னாலும் ஏச்சுத்தான்.

"மெஷினை நிப்பாட்டு, தடியை எடு, கையை விடாதை எண்டு ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்தவர்," என்றாள் ஜெயந்தி. "நான் மெஷினைக் குடுக்கேக்க எல்லாம் சரியாத்தான் குடுத்தனான்."

இந்தக் கடைசி வசனத்தை அவள் சொல்லிச் சொல்லி கோசலாவுக்கே பாடமாகிவிட்டது.

கிஷோபனுக்கும் விஷயம் பிடிபடவில்லை. தவராஜா அந்த மெஷினைப் பிள்ளை மாதிரிப் பார்த்தவர். எண்ணெய் பார்க்காமல், ஆணிகளை இறுக்காமல் ஒருநாளும் வெளியே எடுக்கமாட்டார். அடைப்பெடுக்கிற சிவப்புத் தடி மெஷினிலேயே கொளுவியபடி இருந்தது. போதாததற்கு, கைப்பிடியில் ஒரு லீவர். அமர்த்திப் பிடித்தால்தான் உள்ளே பிளேட் சுற்றும். கையை எடுத்தால் நிற்கும்.

"எப்பிடி அண்ணை நடந்தது?"

"என்ர கவனக்குறைவு, தம்பி."

பொலிசுக்கும் காப்புறுதிக்காரருக்கும் அவர் இதைத்தான் சொன்னார்.

"கேட்டீங்களோ? தானே ஒத்துக்கொள்ளுறார்," என்ற ஜெயந்தி எழுந்தாள். "ஆஸ்பத்திரியில தந்த உடுப்புப் பை இன்னும் கீழ தோய்க்கிற அறைக்குள்ள கிடக்கு. இண்டைக்கு எங்கட தோய்க்கிற நாள். கறியை இறக்கிப்போட்டு அதையும் போடப்போறன்."

"அதைத் தொடாதை."

தவராஜா குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"ஏன், இரத்தம் காய்ஞ்ச உடுப்பை வைச்சுப் பூசை செய்யவோ?"

அவள் குசினிக்குள் போனாள். சட்டி பானையோடு சேர்ந்து ஏச்சும் தொடர்ந்தது.

தவராஜா கிஷோபனைக் கிட்டக் கூப்பிட்டார்.

"தம்பி, ஓடிப்போ. அந்தப் பைக்குள்ள இருக்கிற என்ர காற்சட்டையின்ர இடப்பக்கப் பொக்கற்றுக்குள்ள ஒரு நாடா கிடக்கு. எடுத்துக்கொண்டு வா. அவளின்ர கண்ணில படக்கூடாது."

கிஷோபன் போய் வந்து பொத்திய கையைத் திறந்தான். இரத்தம் காய்ந்து விறைத்துப்போன வெள்ளை நாடா. கோசலாவுக்குக் கண்டவுடனேயே தெரிந்தது. பாவாடை நாடா.

"இது எங்க இருந்தது அண்ணை?" என்று கிஷோபன் கேட்டான்.

"லீவரில."

மெல்ல மெல்லச் சொன்னார். ஹோட்டல் குளியலறைகளைத் தேய்த்துத் தேய்த்து ஜெயந்தியின் மணிக்கட்டு போய்விட்டது. அந்த லீவரை அமர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்க அவளால் முடியாது. அதனால் நாடாவால் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவிட்டுத் தள்ளியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அவர் கையில் கொடுக்குமுன் அவிழ்த்திருக்க வேண்டும், அவருக்கு இது தெரியவே தெரியாது. அன்றைக்கு அவர் பிந்தித்தான் எழும்பினார். ஓடிக்கொண்டிருந்த மெஷினை அவளிடமிருந்து வாங்கினார், அவள் படிக்கட்டுக்கு உப்புப் போட அவசரமாகப் போனாள். அன்றைக்கு அவிழ்க்க மறந்துவிட்டாள். ஈரச் சினோ வந்து அடைத்தது. இருட்டில் நாடா கண்ணில் படவில்லை, லீவரிலிருந்து கையை எடுத்தார். அடைப்பில் பிளேட் இறுகி நின்றது, லீவரை விட்டதால் நின்றுவிட்டது என்றே நினைத்தார். கையை விட்டு அடைப்பை எடுத்ததும் அது மறுபடி சுற்றியது.

"மெஷினை நிப்பாட்டாதது, தடியை எடுக்காதது என்ர பிழை. அதில பொய் இல்லை."

"அக்காவுக்குத் தெரியுமோ..." என்று கோசலா தொடங்கினாள்.

"ஓடிவந்து அவள் முதல்ல பாத்தது என்ர கையை இல்லை, பிள்ளை. லீவரைத்தான் பாத்தவள், தான் நாடாவை அவிட்டதோ எண்டு. அங்க ஒண்டும் இருக்கேல்லை."

"எப்பிடி?"

"மெஷினை நிப்பாட்டிப்போட்டு, இடக்கையாலும் பல்லாலும் அவிட்டு எடுத்தனான். அதுக்குப் பிறகுதான் கத்தினனான்."

குசினியிலிருந்து மறுபடியும் கேட்டது: "நான் குடுக்கேக்க எல்லாம் சரியாத்தான் குடுத்தனான்."

கோசலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இதற்கு மேல் தாங்காது, அக்காவைக் கொஞ்சம் பேசாமல் இருக்கச் சொல்கிறேன் என்று எழுந்தாள்.

தவராஜா இடக்கையால் அவளை மறித்தார்.

"வேண்டாம் பிள்ளை, ஏசட்டும். அவள் ஏச்சை நிப்பாட்டினால்தான் எனக்குப் பயம்."