ஈரத்துண்டு விழுங்கிய தொட்டி

பேஸ்பால் மைதானத்தில், ஆட்டக்காரர்கள் உட்காரும் இடத்துக்குப் பின்னால் ஒரு தகரக் குப்பைத்தொட்டி நின்றது. எந்தப் பந்தை வீசுவது என்று எதிரணியினர் தங்களுக்குள் காட்டும் சைகையைக் கேமராவில் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு, மெதுவான பந்து வரப்போகிறது என்றால் தொட்டியின் முதுகில் தட்டுவார்கள். மட்டை உஷாராகிவிடும்.

சத்தம் போடாத தகரத்துக்கு அங்கே வேலையில்லை என்று தொட்டிக்குத் தெரியும். ஆனாலும் இறுதி ஆட்டத்தன்று, வீரர்கள் எறிந்த ஈரத்துண்டுகளையெல்லாம் தொண்டைவரை வாங்கி அமுக்கிக்கொண்டது. ஓங்கித் தட்டினார்கள். கொஞ்சம்கூடக் கேட்கவில்லை. மட்டை காற்றைத்தான் அடித்தது, ஆட்டம் போச்சு.

“வாயில என்ன கொழுக்கட்டையா அண்ணே?” என்று மட்டை கத்தியது. “நாளைக்கு உனக்குக் காயலான் கடைதான்!”

“போறேன் தம்பி. அங்கேயும் அடிப்பாங்க. ஆனா அந்தச் சத்தத்தைக் கேட்டு யாரும் கோப்பையைத் தூக்க மாட்டாங்க.”