கடைசி நாள் மொய்

பேராவூரணியில் இப்போது எல்லா மொய் விருந்தும் மாதக் கடைசி நாளில்தான். உலகமே நொடித்துப்போன பிறகு அரசு மாதாமாதம் கொடுக்கும் புதுப்பணம் அன்றிரவோடு செல்லாமல் போய்விடும். கடைகள் ஓட வேண்டுமானால் யாரும் சேர்த்து வைக்கக் கூடாதாம். மிஞ்சியதை மொய்யாக எழுதிவிட்டால், நம் விருந்தன்று புதுசாகத் திரும்பி வரும்.

கணவர் சிங்காரவேலுவின் இதய அறுவை சிகிச்சைக்காக அஞ்சம்மாள் மூன்று வருஷம் அப்படித்தான் எழுதினாள். இன்று அவள் முறை. ஊரே ஆட்டுக்கறி சாப்பிட்டுக் கை கழுவியது. ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு மேலேயே சேர்ந்துவிட்டது. உடனே தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"கடைசி நாள் பணத்த யாருமே வாங்க மாட்டாங்கக்கா. நாங்க அத எப்பச் செலவு பண்றது?" என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

அஞ்சம்மாள் பந்தலைப் பார்த்தாள். முன்பே விருந்து வைத்து முடித்தவர்கள் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் இதை அவளிடம் சொன்னதில்லை. இப்போதும் நிமிரவில்லை.

சிங்காரவேலு நாற்காலியில் இருந்தபடியே அவள் செருப்பைக் காலால் அவள் பக்கமாகத் தள்ளிவிட்டார்.

"நாலு மணிக்கு நாடிமுத்து வீட்டு விருந்து இருக்குல்ல புள்ள. போயி இத எழுதிட்டு வந்துரு."