கூரை மேல் கொம்பு

"யாரைக் கேட்டுடா என் கூரையில ஓட்டை போட்டே?"

ஜூரா அக்கா போட்ட சத்தத்தில் ஏரிக்கரையின் பாலிக்சி படகுத்துறையே திரும்பிப் பார்த்தது.

படகு என்னவோ எசென்பாயுடையதுதான். ஏரியில் சுற்றுலா ஆட்களை ஏற்றிப்போக, இருந்த குதிரைகளையெல்லாம் விற்று வாங்கினான். ஆனால் அதன் வெளிப்பக்கம் இருக்கிற ஒவ்வொரு கம்பியும் கொக்கியும் ஜன்னலும் ஜூரா அக்கா, தண்ணீர் இறங்காமல் அடைக்கும் சீலன்ட் பசை வைத்து முறுக்கியது. அதனால் கூரை அவளுடையது. அப்படித்தான் அவள் பேசுவாள்.

அந்தக் கூரையின் மேல் இப்போது ஒரு மலையாட்டுக் கொம்பு. முழங்கை நீளத்துக்கு வளைந்து, அடியில் வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு நின்றது.

"சம்பந்தி வர்றாருக்கா," என்று எசென்பாய் இளித்தான். "மலைநாட்டு மனுஷன். மொட்டைக் கூரையோடயா அவரை வரவேற்கச் சொல்றீங்க?"

"எத்தனை ஸ்க்ரூ அடிச்சே? அதைச் சொல்லு முதல்ல."

அவன் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தியின் கார் வந்து நின்றது. விட்டால் போதும் என்று ஓடிவிட்டான்.

ஜூரா அக்கா கரைப் பக்கம் திரும்பினாள். அங்கே மூன்று படகுக்காரர்கள் நின்றிருந்தார்கள். இந்த வருஷம் தங்கள் படகுகளை அவளிடம் விடுவதா, நகரத்திலிருந்து வந்திருக்கும் புது ஆளிடம் விடுவதா என்று பார்த்து முடிவு பண்ணத்தான் வந்திருந்தார்கள். ஒரு சொட்டு ஒழுகினால் போச்சு. வருஷம் முழுக்க வீட்டில் உட்கார்ந்து கம்பளி நூல் முறுக்க வேண்டியதுதான்.

ஆனாலும் தலை நிமிர்ந்துதான் நின்றாள்.

"இருபத்திரண்டு வருஷம். நான் கைவெச்ச படகுல ஒரு சொட்டு உள்ளே இறங்கினதில்ல. ஏறி உட்காருங்க. மழை வந்தா இன்னும் நல்லது."

மழை வந்தது.

படகு நடு ஏரியில் இருந்தது. உள்ளே விருந்து. முதல் மரியாதையாக, வேகவைத்த ஆட்டுத் தலையை எசென்பாய் இரண்டு கையாலும் ஏந்திச் சம்பந்தி முன்னால் வைத்தான். சம்பந்தி கத்தியை எடுத்தார்.

டொக்.

அவருடைய வெள்ளைக் கம்பளித் தொப்பியின் உச்சியில் ஒரு சொட்டு. அடுத்து இன்னொன்று.

எசென்பாயின் பெண்டாட்டி துணியை எடுத்துக்கொண்டு ஓடினாள். சம்பந்தியின் தொப்பி நனைவது சின்ன விஷயமா என்ன?

"என்னக்கா," என்றார் படகுக்காரர்களில் ஒருவர். "மழை வந்தா நல்லதுன்னீங்க. வந்துடுச்சே."

அக்காவின் முகம் செத்துப்போயிற்று. அண்ணாந்து பார்த்தாள். சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலேதான் அந்தக் கொம்பு.

"அக்காவை ஒண்ணும் சொல்லாதீங்க." எசென்பாய் எழுந்து நின்றான். "தப்பு என்னுது. கொம்பு ஆடாம நிக்கட்டும்னு நாலு ஸ்க்ரூ அடிச்சேன். சீலன்ட் கீலன்ட் ஒண்ணும் வைக்கல."

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டீங்களா? எல்லாரும் கேட்டீங்களா? ஏண்டா, கூரையில துளை போடறதுன்னா என்னன்னு நினைச்சே? கம்பி உட்கார்ற பிளேட்டுக்கு அடியில சீலன்ட் தடவணும். நட்டைப் பாதி முறுக்கி விட்டுடணும். ஒரு நாள் முழுக்கக் காயணும். அப்புறம்தான் மீதியை முறுக்கணும். ஒரே மூச்சுல முறுக்கினா அத்தனையும் வெளியே பிதுங்கிடும், அடியில ஒண்ணும் மிஞ்சாது. இவ்வளவுக்கும் பொறுமை வேணும். உனக்கு எங்கே இருக்கு? பொண்ணைத்தானேடா குடுக்கச் சொன்னாங்க, மூளையையும் சேர்த்துக் குடுத்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்திகூட மீசைக்குள் சிரித்தார். எசென்பாயின் காது மடல் சிவந்தது. குனிந்த தலை நிமிரவில்லை.

"அப்ப அக்கா கை சுத்தம்," என்றார் அந்தப் படகுக்காரர். மற்ற இருவரையும் பார்த்தார். அவர்களும் தலையாட்டினார்கள். "எங்க படகு மூணும் உங்ககிட்டதான்க்கா."

கரைக்கு வந்ததும் மழை விட்டது. எல்லோரும் இறங்கினார்கள். அக்கா இறங்கவில்லை. ஒரு கையில் சீலன்ட் டியூப், மறு கையில் ஸ்க்ரூ டிரைவர். கரையில் நிற்பவர்கள் பார்க்கட்டும் என்று நிதானமாகக் கூரை மேல் ஏறினாள். கொம்பின் அடியில் இருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்தாள்.

ஸ்க்ரூ இல்லை.

கையால் தடவிப் பார்த்தாள். ஓட்டையும் இல்லை. கூரையின் நீளத்துக்கு ஓடிய கைப்பிடிக் கம்பியில், கொம்பைக் குதிரைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தான். அவ்வளவுதான்.

கம்பி அவள் பூட்டியது. கயிறு கட்டியிருந்த இடத்தில் கம்பியின் கால் ஒன்று கூரையில் இறங்கியது. அந்தக் காலைச் சுற்றி சீலன்ட் முழுக்க வெளியே பிதுங்கிக் காய்ந்திருந்தது. பிளேட்டுக்கு அடியில் நகம் நுழையும் இடைவெளி. தேங்கிய மழைத்தண்ணீர் அதன் வழியாக மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

நேற்றுச் சாயங்காலம். சம்பந்தி ஒரு நாள் முன்னாலேயே வருகிறார் என்று சேதி வந்தது. மீதி இருந்தது அந்த ஒரு கால்தான். யாரும் பார்க்கவில்லை என்று, ஒரே மூச்சில் முறுக்கிவிட்டுப் போனது அவள் கைதான்.

அக்கா கூரை மேல் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

கீழே, சம்பந்திக்குக் கார் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டே, படகுக்காரர்கள் மூன்று பேருக்கும் நன்றாகக் கேட்கும்படி எசென்பாய் குரல் கொடுத்தான்.

"பார்த்து அடைங்கக்கா! நாலு ஓட்டை. நாலும் நான் போட்டது!"