கதவருகே நிற்கும் காவலாளி

குன்னூர் துணிக்கடை மாடியில் சன்னல் முழுக்கப் பனிமூட்டம். ஒருவர் கதை சொல்ல, மற்றவர் அதில் ஒரு பாத்திரமாக ஆடும் கதை விளையாட்டு ஒன்றைப் புதியவர்களுக்கென்று எழுதி, அதை மெஹ்ரின் முதல்முறையாக ஆடிப் பார்க்கிறாள். எதிரே, தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்யும் ராஜகுமாரி. மெஹ்ரின் கதையைத் தொடங்குகிறாள்: "இது எதிர்கால நகரம். பூட்டுன கதவு. பாதி மனுசன், பாதி மெஷினா ஒரு காவலாளி துப்பாக்கியோட நிக்கிறான். என்னக்கா பண்றீங்க?" சண்டைக்கும் பூட்டை உடைப்பதற்கும் பகடை உருட்டும் விதிகளை மெஹ்ரின் எழுதியிருக்கிறாள். ராஜகுமாரி பகடையைத் தொடவில்லை. எதிரே இல்லாத அந்தக் காவலாளியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறாள்.

"ஏனுங்க, உங்களுக்கு ஷிப்ட் எப்ப முடியுமுங்க?"

மெஹ்ரின் தன் விதித்தாளைப் புரட்டுகிறாள். காவலாளியாக அவள்தான் பதில் சொல்ல வேண்டும். தாளில் அதற்குப் பதில் இல்லை.

"முடிஞ்சதே இல்லைங்க," என்கிறாள் மெல்ல.

"அப்ப நீங்களும் வாங்க, போலாம்." ராஜகுமாரி எழுந்து கையை நீட்டுகிறாள். மெஹ்ரின் அதைப் பிடித்துக்கொள்கிறாள்.